எழுத்தறி இடர்ப்பாடும் தமிழ் விசைப்பலகையும்

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு அறிவுத்திறன் குறைவன்று. சொல்லை ஒலிகளாகப் பகுத்து எழுத்தோடு இணைப்பதில் நேரும் இடர்ப்பாடே அதன் மையம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளுள் இதனையும் சேர்த்துள்ளது. இத்தகைய மாணவர் விசைகளைப் பாராமல் தட்டச்சிடப் பழகினால், எழுத்தை வரையும் சுமை குறைந்து கவனம் சொல்லின்பால் செல்லும். ஆனால் எந்த விசைப்பலகையில் பயிற்றுவது என்பது தமிழில் ஒரு மொழியியல் வினாவாகும்.

பழைய தட்டச்சுப்பொறி முறை கண்ணுக்குத் தெரியும் வரிசையைப் பின்பற்றுவது. 'கொ' என்பதன் ஒலிவரிசை க், ஒ என்றிருக்க, விரல்களோ கொம்பு, க, கால் என மூன்றைத் தட்ட வேண்டும். ஒலிவரிசையிலேயே இடர்ப்படுவோர்க்கு இது இரட்டைச் சுமை. ரோமன் எழுத்துவழி உள்ளீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றும் இடையில் புகுகிறது.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறை ஒலிவரிசையையே பின்பற்றுகிறது. க, ஒ எனும் இரு விசைகளால் 'கொ' அமையும். உயிர்கள் பன்னிரண்டும் இடக்கையிலும், மெய்களுள் பெரும்பாலானவை வலக்கையிலும் உள்ளன. நடுவரிசையின் அ, இ, உ, எ ஆகியவற்றுக்கு மேல்வரிசையில் அவற்றின் நெடில்கள் உள்ளன. 247 எழுத்துகளும் 31 விசைகளுள் அடங்குகின்றன. 'க்க' போன்றவற்றில் புள்ளி தானே விழும்; எனினும் தொடக்கத்தில் ஆய்த விசையால் புள்ளியிடப் பயிற்றி, இச்சுருக்கத்தைப் பின்னர் கற்பிப்பதே விதியை ஒருமைப்படுத்தும்.

இருமொழிச் சூழலில் நிலைமை வேறு. ஐதராபாத்தின் மல்காஜ்கிரியில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் மாணவர் ஒருவரைக் கருதலாம். 1991இன் இந்தியத் தரத்தில் இடம்பெற்ற இன்ஸ்கிரிப்ட் முறையில் இரு மொழிகளின் 'க'வுக்கும் ஒரே விசை. எழுத்துருவம் மாறினும் விரற்பழக்கம் மாறாது. ஆனால் சொல்முதல் உயிருக்கு ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

தட்டச்சு வாசிப்புக் குறைபாட்டை நீக்கும் மருந்தன்று. ல, ள, ழ ஆகியவற்றைப் பேச்சில் வேறுபடுத்தாத மாணவர்க்கு ஒலிவழிப் பயிற்சி மட்டும் போதாது. 'பழம்', 'பள்ளம்' போன்ற சொற்களை முழுமையான விரலசைவுகளாகப் பயிற்ற வேண்டும். 1930களில் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் வகுத்த பல்புலன் முறையும், ஒலித்தல், காணுதல், கையசைத்தல் ஆகியவற்றை இணைப்பதே. எனவே ஆசிரியர் முதலில் தெரிய வேண்டியது வேகத்தை அன்று. மாணவரின் மொழிச்சூழலுக்கு இயைந்த விசைப்பலகையையே.