பாவித்த வாகனங்களும் பறிபோகும் பணமும்

வாகனம் ஒன்றை வாங்குவது ஒருமுறை நிகழும் செலவு. அதனை ஓட வைப்பதோ ஓயாத செலவு. இவ்வுண்மையை இன்று நன்கு உணர்ந்திருப்போர் பாவித்த வாகனங்களின் உரிமையாளர்களேயாவர். கல்குடாப் பிரதேசத்தில் வேன் ஓட்டிப் பிழைப்பவரும், முச்சக்கர வண்டியொன்றை லீசிங்கில் எடுத்தவரும், வாழைச்சேனையிலிருந்து வெளியூர்களுக்கு மீன் ஏற்றுபவரும், பாசிக்குடா விருந்தகங்களுக்கு உல்லாசப் பயணிகளை அழைத்து வருபவரும் கூறுகின்ற முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றது. கராஜுக்குக் கொண்டு சென்றது ஒரு பழுதுக்காக. பணம் கட்டியது மூன்று பழுதுகளுக்காக. வீடு வந்து சேர்வதற்குள் முதற் பழுது மீண்டும் தலைகாட்டி விடுகின்றது. தனிப்பட்ட சிலரின் நேர்மையீனமே இதற்குக் காரணம் என்று கூறி இதனை ஒதுக்கிவிட முடியாது. காரணங்கள் அதனினும் ஆழமானவை.

முதலாவது காரணம் வாகனங்களின் வயது. கொவிட் தொற்றும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் சேர்ந்து வந்த 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் தருவிப்பதற்கு 2025 பெப்ரவரியிலேயே அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக, நாட்டில் ஏற்கனவே இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. இடையில் 2022ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் டொலர் ஒன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ஜப்பானிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரவேண்டிய உதிரிப்பாகத்தின் விலையும் அதே வேகத்தில் ஏறிற்று. இறக்குமதி மீண்டும் ஆரம்பமான பின்னரும், விதிக்கப்பட்டுள்ள வரிகளைப் பார்க்கும்போது புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனியாகவே உள்ளது. ஆகவே பத்து, பதினைந்து ஆண்டு பழமையான வாகனங்களுடனேயே நாம் காலந்தள்ள வேண்டியிருக்கின்றது.

இங்கு ஓடும் கார்களில் பெரும் பகுதி ஜப்பானில் ஏற்கனவே ஒருவர் பாவித்துக் கழித்தவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஜப்பானில் புதிய கார் ஒன்று மூன்று ஆண்டுகளில் முதற் கட்டாயப் பரிசோதனைக்கும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பரிசோதனைக்கும் செல்ல வேண்டும். அதற்கான செலவைத் தாங்குவதைவிட விற்றுவிடுவதே மேல் என்று அங்குள்ளோர் கருதுவதால், நல்ல நிலையிலுள்ள வாகனங்களும் ஏலத்துக்கு வருகின்றன. எம்மைப் போலவே வீதியின் இடப்பக்கத்தில் வாகனம் செலுத்தும் நாடு என்பதால் அவை எமக்குப் பொருந்துகின்றன. ஏலத்தில் அவற்றின் குறைகளை எழுதிய அறிக்கையும் உண்டு. அந்த அறிக்கை கடைசியாக வாங்குபவரின் கைக்கு எத்தனை தடவை வந்து சேர்கின்றது என்பதே கேள்வி.

இதனை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோவ் 1970ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் விளக்கினார். மூன்று சஞ்சிகைகள் நிராகரித்த பின்னரே அது அச்சேறியது. 2001இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய வாதத்தை எமது ஊர்க் கணக்கில் கூறுவதானால் இப்படிச் சொல்லலாம். நல்ல கார் ஒன்று 30 இலட்சம் ரூபா பெறும். அதே ரகத்தில் உள்ளே பழுதுள்ள கார் 20 இலட்சம் பெறும். எது நல்லது, எது பழுது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நடுவில் நின்று 25 இலட்சத்துக்குக் கேட்கின்றார். நல்ல காரின் சொந்தக்காரர் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டு விலகுகின்றார். பழுதான காரின் சொந்தக்காரரோ மகிழ்ச்சியோடு முன்வருகின்றார். காலப்போக்கில் சந்தையில் நிற்பவை பெரும்பாலும் பழுதானவையே. யாரும் சதி செய்யாமலே, தகவல் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதனால் இது நேர்ந்து விடுகின்றது.

கராஜின் நிலை இதனினும் சிக்கலானது. பாவித்த கார் ஒன்றை வாங்கியவர், அது நல்லதா என்பதைச் சில மாதங்கள் ஓட்டிய பின்னராவது அறிந்து கொள்வார். ஆனால் மாற்றப்பட்ட பாகம் உண்மையிலேயே மாற்றப்பட வேண்டியதுதானா என்பதை அவர் ஒருபோதும் அறியமாட்டார். இத்தகைய சேவைகளை 1973இல் டார்பி, கார்னி என்ற இரு ஆய்வாளர்கள் தனி வகையாகப் பிரித்துக் காட்டினர். நோயை நிர்ணயிப்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, நம்புவதைத் தவிர நோயாளிக்கு வேறு வழியில்லை. வாகனத் திருத்தமும் அவ்வாறானதே.

எமது பழைய கார் ஒன்று கல்குடா செல்லும் வழியில் ஒருமுறை கொதித்து நின்றது. அருகிலிருந்த கராஜில் 'ஹெட் கஸ்கற்' போய்விட்டது என்றார்கள். எஞ்சினின் தலைப்பகுதி முழுவதும் கழற்றப்பட்டது. நான்கு நாட்களும் பெருந்தொகைப் பணமும் கழிந்தன. மீண்டும் கொதித்தது. மட்டக்களப்பு நகரில் முதிய மெக்கானிக் ஒருவர் பத்து நிமிடம் எஞ்சினைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் செல்லும் பாதையைத் திறந்து மூடும் 'தேர்மோஸ்டற்' இறுகிப் போயிருக்கின்றது என்றார். உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள் அது. முதல் கராஜ்காரர் எம்மை ஏமாற்றினார் என்று இன்றுவரை எம்மால் அடித்துக் கூற முடியவில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்கலாம். அறியாமையையும் ஏமாற்றையும் வேறுபடுத்திப் பார்க்க முடியாமையே இத்தொழிலின் பெருங்குறை.

திறமையில்லாத சமூகமல்ல எமது சமூகம். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த உத்தியை எந்த நூலிலும் கற்றுக்கொள்ளவில்லை. கிழக்கிலும் போர்க்காலத்தில் இல்லாத பாகத்தைக் கடைந்தும் ஒட்டியும் உருவாக்கியோர் பலர். அன்றைய வாகனத்தின் பழுதைக் காதும் கையும் கண்டுபிடித்தன. இன்றைய வாகனத்தின் பழுது கணினிக்குள் இருக்கின்றது. 'ஸ்கானர்' கருவி ஒன்று பழுதுக் குறியீட்டைக் காட்டும் என்பது உண்மை; ஆனால் அக்குறியீடு நோயின் அறிகுறியேயன்றி நோயின் பெயரல்ல. குறியீட்டில் எந்தப் பாகத்தின் பெயர் வந்ததோ அதனை உடனே மாற்றிவிடுவது, காய்ச்சல் என்றவுடன் வெப்பமானியை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

ஹைபிரிட் வாகனங்களில் இது பெருஞ்செலவாக முடிகின்றது. பிரியஸ் காரின் நிக்கல் வகைப் பற்றரி உண்மையில் ஒரே பற்றரி அல்ல. வரிசையாக இணைக்கப்பட்ட 28 சிறு தொகுதிகள். அக்குவாவில் 20. ஒன்று பலவீனமடைந்தாலும் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த ஒன்றை மட்டும் கழற்றி, வேறொரு பழைய பற்றரியிலிருந்து எடுத்ததைப் பொருத்தி, 'புதுப்பித்தது' என்று கொடுத்தால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் எஞ்சிய 27உம் அதே வயதுடையவை. சில மாதங்களில் அடுத்தது சரியும். இதனைத் தெரிந்துகொண்டு குறைந்த விலைக்குச் செய்விப்பது ஒருவரின் விருப்பம். புதிய பற்றரியின் விலையைக் கொடுத்து இதனைப் பெறுவதே ஏமாற்றம். பின் ஆசனத்தருகே பற்றரியைக் குளிரவைக்கும் காற்றாடி தூசியடைத்துப் போவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். அதனைத் துடைக்கச் செலவு மிகச் சொற்பம். ஆயினும் நினைவூட்டுவோர் அரிது.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை கொழும்பு பஞ்சிகாவத்தையை அறியாத வாகனக்காரர் இல்லை. ஜப்பானில் கழித்த வாகனங்களிலிருந்து எடுக்கப்பட்ட அசல் பாகம், வேறு நிறுவனம் தயாரித்த புதிய பாகம், அசலின் பெட்டியைப் போலவே அச்சடித்த பெட்டியில் வரும் போலி என மூன்றும் சந்தையில் உலவுகின்றன. இவற்றில் முதலிரண்டும் குற்றமானவை அல்ல. கதவுக் கண்ணாடியோ விளக்கோ பாவித்ததாக இருப்பதில் தவறில்லை. பிறேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் பாவித்ததாகவோ பெயர் தெரியாததாகவோ வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். கல்குடாவிலிருந்து கொழும்பு சென்று பாகத்தைத் தெரிவு செய்ய எல்லோராலும் இயலாது. பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லி வாங்கும்போது, எது வருகின்றதோ அதுவே எமக்கு.

எமது காலநிலையும் சேர்ந்தே எம்மைச் சோதிக்கின்றது. கடற்காற்றின் உப்பு அடிச்சட்டத்தையும் பிறேக் குழாய்களையும் அரிக்கின்றது. பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது ஆவியாகி, மிதியைக் காலுக்குள் வெறுமையாக்கி விடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதனை மாற்றுவது நன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் நாடெங்கும் பெருவெள்ளம் ஏற்பட்டதை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் கழுவி மினுக்கப்பட்டால் முதற் பார்வையில் தெரியாது; மின்கம்பி இணைப்புகளில் துரு ஏறி, மாதங்கள் சென்ற பின்னரே தொல்லை தரும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் கத்ரினா சூறாவளிக்குப் பின்னர் அத்தகைய வாகனங்கள் வெளி மாநிலங்களில் விற்கப்பட்டமை பெரும் பிரச்சினையாயிற்று. ஆசனப் பட்டியை முடிவுவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும். தரைவிரிப்பின் அடியிலும் ஆசனத் தண்டவாளத்திலும் பார்ப்பது அவசியம்.

இவை யாவற்றையும்விடப் பாரதூரமானது காற்றுப் பை. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப் பைகளில், அதனை விரியச் செய்யும் இரசாயனம் நீண்ட கால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைவடைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சாரதியின் மீதே வீசியது. பல நாடுகளிலும் உயிர்கள் பலியாயின. வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய மீளழைப்பாக, உலகெங்கும் சுமார் 10 கோடி பாகங்கள் மாற்றப்பட வேண்டியதாயிற்று. 2017இல் அந்நிறுவனம் வங்குரோத்தானது. ஹொண்டா, டொயோட்டா, நிசான் உள்ளிட்ட பல நிறுவனங்களின் வாகனங்கள் இதிலடங்கும். வெப்பமும் ஈரமும் நிறைந்த எமது கரையோரம் இந்த ஆபத்துக்கு மிகவும் உகந்த இடம் என்பதைக் கூறத் தேவையில்லை. ஜப்பானில் விற்கப்பட்டு, கப்பலேறி, இங்கு மூன்று கை மாறிய காரின் இப்போதைய உரிமையாளருக்கு மீளழைப்புக் கடிதம் எப்படி வரும்? அடிச்சட்ட இலக்கத்தை எடுத்துக்கொண்டு அந்தந்த நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற முகவரிடம் கேட்பதே வழி. மீளழைக்கப்பட்ட பாகத்தை மாற்றுவதற்கான செலவு உற்பத்தியாளருடையது; இதற்காகக் கராஜ் ஒன்றில் பணம் கட்டவேண்டியதில்லை.

இங்கு வேறொன்றையும் மனந்திறந்து கூற விரும்புகின்றோம். தமிழரின் கராஜுக்கு முஸ்லிம் வியாபாரியும், முஸ்லிம் மெக்கானிக்கிடம் தமிழ்ச் சாரதியும் செல்வது இப்பகுதியின் அன்றாட வழக்கம். 1990இலும் 2002இலும் கசப்பான நாட்களைக் கண்ட இம்மண்ணில், தொழில் தொடர்பே அறுந்த உறவுகளை மீண்டும் ஒட்டியது. ஆனால் ஒரு பற்றரி பிழைத்துவிட்டால் 'அவர் ஏமாற்றினார்' என்ற பேச்சு, சந்தி தாண்டுவதற்குள் 'அவர்கள் ஏமாற்றுபவர்கள்' என்று மாறிவிடுகின்றது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தவர் நபிகள் நாயகம் (ஸல்). வள்ளுவர் வணிகருக்குரிய நீதியை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். பழுதை மறைத்து விற்றவர் எந்தப் பெயருடையவராயினும், அவர் மீறியது தமது சமூகம் போற்றும் நெறியையே.

சட்டமும் பாவனையாளரைக் கைவிட்டுவிடவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவை வழங்கும் வியாபாரி உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதனைச் செய்வார் என்பதும், அதற்காக அவர் கொடுக்கும் பொருட்கள் நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்பதும் எழுதாமலே உள்ளடங்கிய உத்தரவாதமாகும். கராஜ் சுவரில் 'பொறுப்பல்ல' என்று எழுதித் தொங்கவிடுவதால் அது இல்லாமற் போய்விடும் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. முறைப்பாடு எழுத்து மூலமாக, சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அதிகார சபையுடன் தொடர்பு கொள்ளலாம். ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாதவர் அங்கு சென்று எதனைக் காட்டுவார்? 'நம்ம ஆள்தானே' என்று சொல்லிப் பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கப்படுவது எம்மவர் வழக்கம். பாகத்தின் பெயர், புதியதா பாவித்ததா என்ற விபரம், கூலி, உத்தரவாத நாட்கள் என்பன எழுதப்பட்ட துண்டு ஒன்று இருந்தாலே பாதிப் பிணக்குகள் எழாது. மதிப்பீட்டை வேலை தொடங்குவதற்கு முன்பும், கழற்றிய பழைய பாகத்தை வேலை முடிந்த பின்பும் கேட்டுப் பெற வேண்டும். சிறிய தொகைக்கான பிணக்குகளுக்கு வழக்கு மன்றம் செல்லாமல், 1988ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடலாம்.

மெக்கானிக்குகளுக்கும் ஒரு வழி திறந்தே இருக்கின்றது. பாடசாலைச் சான்றிதழ் இல்லாவிடினும், பல்லாண்டு அனுபவமுள்ள ஒருவரின் கைத்திறனை நேரிற் பரிசோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உள்ளது. எமது காரைத் தொட்டுப் பார்த்தே நோயறிந்த அந்த முதியவரிடம் அத்தகைய சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. கராஜில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த அவருடைய பேரன், தொழிற்பயிற்சி நிலையத்தில் விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். 'ஸ்கானர்' வாங்குவதற்கான பணத்தையும் சேர்த்துக் கொண்டிருந்தான்.