பாதை அறிந்து டயர் தேர்க

முன்னுரை

மிதிவண்டி வாங்கப் போகும் மாணவர், சட்டகத்தின் நிறத்தை நோக்குவார், கியர்களின் எண்ணிக்கையைக் கேட்பார், விலையைப் பேசுவார். டயரைக் குறித்து ஒரு வினாவும் எழுப்பாமல் வீடு திரும்புவோரே மிகுதி. ஆயினும், வண்டியின் உறுப்புகளுள் தரையைத் தொடுவது டயர் ஒன்றே. வண்டி ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் அதன் பிடிப்பைப் பொறுத்தவை. திருநின்றவூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரச் சாலைகளில் கனரக ஊர்திகளின் ஓரமாகச் செல்லும் மாணவர்க்கு, டயர் வழுக்குதல் என்பது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும். எந்தப் பாதைக்கு எந்த டயர் என்பதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிதிவண்டியும் நம் வட்டாரமும்

மிதிவண்டி வரலாற்றில் நம் வட்டாரத்திற்குத் தனியிடம் உண்டு. முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து 1949-இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஆலை அமைத்து ஹெர்குலிஸ் மிதிவண்டிகளை நாடெங்கும் அனுப்பியது. டன்லப் நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலையும் அம்பத்தூரில் நெடுங்காலம் இயங்கிப் பின்னர் மூடப்பட்டது. காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொணர்ந்த ஜான் பாய்டு டன்லப், பெல்ஃபாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று கருதி, 1888-இல் அவர் செய்த முயற்சியே அதற்கு வித்திட்டது.

இன்று மாணவர் பெரிதும் விரும்புவது, தடித்த டயர் பூட்டிய மலை மிதிவண்டியாகும். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பைஸ் என்னும் மலையின் மண்தடங்களில் இறங்கி விளையாடிய இளைஞர்கள், பழைய வண்டிகளுள் பருத்த டயர் உடையவற்றையே தேடி எடுத்தனர். கல்லையும் புழுதியையும் தாங்கவல்லது அத்தகைய டயரே என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அத்தேர்விலிருந்தே ஒரு புதிய வண்டி வகை பிறந்தது. பாதையே டயரைத் தீர்மானித்தது என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது. நாமோ பாதையைக் கருதாது, தோற்றத்தைக் கருதி அதே டயரை வாங்குகிறோம்.

காற்றும் பரப்பும்

டயர் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு? ஒரு கணக்கைக் காண்போம். மாணவரின் எடை 60 கிலோ, வண்டியின் எடை 15 கிலோ எனில் மொத்தம் 75 கிலோ. இதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 45 கிலோ, பின் சக்கரத்தின் மீது இறங்குகிறது. டயரில் சதுர அங்குலத்திற்கு 45 பவுண்டு காற்றழுத்தம் இருப்பின், தொடும் பரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். அது ஒரு தீப்பெட்டியின் முகப்பை விடச் சற்றுக் குறைவே! அழுத்தத்தை 30 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு சுமார் 21 சதுர சென்டிமீட்டராக விரிகிறது.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள ஆவடியை நோக்கினால் போதும். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் பீரங்கி வண்டிகள் பல்லாயிரம் கிலோ எடையுள்ளவை. எனினும் அவை இளகிய மண்ணில் புதையாமல் செல்கின்றன. அகன்ற சங்கிலிப் பட்டை, எடையைப் பெரும்பரப்பில் பகிர்ந்து விடுவதே காரணம். மணலிலும் சேற்றிலும் அகன்ற டயரும் குறைந்த காற்றும் உதவுவது இதே நெறியினால்தான்.

அதற்காகக் காற்றை வரம்பின்றிக் குறைத்தல் ஆகாது. குறைந்த காற்றுடன் கல்லின் மீதோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதினால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழும். பஞ்சர் ஒட்டும்போது இத்தகைய இரட்டைத் துளை காணப்பட்டால், குற்றம் முள்ளினுடையதன்று. காற்றுக் குறைவே காரணம் எனத் தெளியலாம். டயரின் பக்கச்சுவரில் அழுத்தத்தின் எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். அதனை மீறாமல், ஐந்தைந்து பவுண்டாகக் குறைத்து ஓட்டிப் பார்த்துத் தமக்கேற்ற அளவை அறிவதே முறை. பீலியையும் அச்சையும் கொண்டு வள்ளுவர் உணர்த்திய அளவறிதல் இங்கும் பொருந்தும். பின்னிருக்கையில் தோழரை ஏற்றுவோர் காற்றையும் அதற்கேற்பக் கூட்டல் வேண்டும்.

பாதையும் டயரும்

முதலாவது, தார்ச்சாலையும் சிமெண்டுச் சாலையும். பெரும்பாலான மாணவர் நாள்தோறும் செல்வது இவற்றில்தான். இதற்கு வழவழப்பான அல்லது ஆழமில்லாத கோடுகளையுடைய டயரே ஏற்றது. மழைக்குப் பட்டன் டயரே நல்லது எனப் பலரும் எண்ணுவர், அது பொருந்தாது. தார்ச்சாலையில் பட்டன்களின் நுனி மட்டுமே தரையைத் தொடுவதால், தொடும் ரப்பர் குறைகிறது. வளைவில் பட்டன்கள் நெளிகின்றன. மிதிக்கும் உழைப்பும் கூடுகிறது. நீர்ப்படலத்தின் மீது சக்கரம் மிதந்து வழுக்குவது விரைந்தோடும் மோட்டார் ஊர்திகளுக்கு நேர்வது. மிதிவண்டியின் வேகத்தில் அது நிகழ்வதில்லை. ஆனால், இயல்பாகவே கோடு ஆழமில்லாத டயர் வேறு, தேய்ந்து நூல் தெரியும் மொட்டை டயர் வேறு. பின்னதை ஒரு நாளும் ஓட்டலாகாது.

இரண்டாவது, சரளைச் சாலையும் இறுகிய செம்மண் தடமும். இங்கே நடுவில் தாழ்வாகவும் நெருக்கமாகவும் அமைந்த பட்டன்களும், ஓரங்களில் சற்று உயர்ந்த பட்டன்களும் கொண்ட டயர் சிறக்கும். நேராகச் செல்கையில் நடுப்பட்டன்கள் தடையின்றி உருளும். வளைவில் சாய்கையில் ஓரப்பட்டன்கள் மண்ணைக் கவ்வும்.

மூன்றாவது, மழைக்கால ஏரிக்கரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஏரிக்கரைத் தடங்கள் களிமண் குழம்பாகின்றன. நெருக்கமான பட்டன்களின் இடுக்கில் களிமண் அப்பிக்கொண்டால் டயர் உருண்டையாகி வழுக்கும். உயரமும் இடைவெளியும் மிகுந்த பட்டன்களே சேற்றை உதறவல்லவை. மிகவும் அகன்ற டயராயின் சட்டகத்திற்கும் டயருக்கும் இடையில் சேறு அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். ஆகவே சேற்றுக்கு நடுத்தர அகலமே நன்று.

நான்காவது, ஆற்றோர மணல். இங்கே பட்டனின் வடிவத்தைக் காட்டிலும் அகலமும் குறைந்த காற்றுமே பயன் தரும்.

இவையனைத்தும் கலந்த பாதையில் செல்வோர், நடுவில் இடைவிடாத வரியும் ஓரங்களில் பட்டன்களும் அமைந்த இடைப்பட்ட வகையைத் தேர்வது அறிவுடைமை. எந்த டயராயினும் ஈரமான தண்டவாளத்திலும், சாலையில் தீட்டிய வெள்ளைக் கோட்டிலும், இரும்பு மூடியிலும் வழுக்கவே செய்யும். இரயில்வே கேட்டைக் கடப்போர் தண்டவாளத்திற்குச் செங்குத்தாக, வண்டியைச் சாய்க்காமல் கடத்தல் வேண்டும்.

வாங்குமுன் அறிய வேண்டுவன

26 அங்குலம் என்று எழுதப்பட்ட இரு டயர்கள் ஒரே அளவினவாக இருக்கும் என்று நம்புதல் கூடாது. மலை மிதிவண்டியின் 26 அங்குல டயர் 559 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்முக்கு உரியது. 26 x 1 3/8 எனப் பொறித்த டயரோ 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. 27.5 அங்குலத்திற்கு 584, 29 அங்குலத்திற்கு 622, பழைய 28 x 1 1/2 வண்டிக்கு 635 என்பன உரிய எண்கள். பழைய டயரின் பக்கச்சுவரில் 50-559 என்பது போன்ற குறியீடு இருக்கும். முன்னெண் அகலம், பின்னெண் ரிம்மின் விட்டம். அதனைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்வது பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

மிதிக்கும் விசையைத் தாங்குவதால் பின் டயரே விரைவில் தேயும். ஆனால் திசை திருப்புவதும் நிறுத்துவதில் பெரும்பங்கும் முன் சக்கரத்தினுடையவை. பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் சக்கரம் வழுக்கினால் வீழ்ச்சி உறுதி. எனவே புதிய டயர் ஒன்றுதான் வாங்க இயலும் எனில், அதனை முன்னே பூட்டி, முன்னிருந்த நல்ல டயரைப் பின்னுக்கு மாற்றுவதே தக்கது. பக்கச்சுவரில் அம்புக்குறி இருப்பின், சக்கரம் சுழலும் திசைக்கு ஏற்பப் பூட்டுதல் வேண்டும். நெடுநாள் வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் ஓடாமலே வெடித்துக் கீறல் விடும். நிழலில் நிறுத்துவது டயரின் ஆயுளைக் கூட்டும்.

சமுதாயத்தின் கடமை

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு இணைந்து பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றனர். இசுலாமியப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். எழுத்தறிவும் மிதிவண்டியும் ஒன்றாக நடைபோட்ட வரலாறு அது. அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டமும் தமிழகத்தில் மாணவ மாணவியரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறது. வண்டி கிடைத்த பின்னும், அடிக்கடி பஞ்சராகும் டயரும் மழையில் வழுக்கும் சக்கரமும் ஒரு மாணவியின் படிப்பைத் தடுக்கக் காரணமாகிவிடலாம். வழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வாள் என்னும் பெற்றோரின் அச்சத்திற்கு, இனி வண்டியே வேண்டாம் என்பது விடையன்று. பாதைக்கேற்ற டயரும், பஞ்சர் ஒட்டும் பயிற்சியுமே விடை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். நம் காலத்து ஒட்டகம் மிதிவண்டி. பாதையில் கிடக்கும் துன்பம் தரும் பொருளை அகற்றுவதையும் அவர்கள் ஈமானின் ஒரு கிளையாகக் காட்டினார்கள். வேலி கழித்த சீமைக் கருவேல முள்ளைச் சாலையில் விட்டுச் செல்லாதிருப்பதும், கிடந்த முள்ளை ஓரம் தள்ளுவதும் அவ்வகையில் அறச்செயல்களேயாம்.

முடிவுரை

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், கல்லும் பொருளும் இல்லாத நிலையில், கோயிலை நெஞ்சிலேயே எழுப்பினார் என்று பெரியபுராணம் கூறும். மனத்தில் திட்டமிட்ட பின்பே கைப்பொருளைச் செலவிடுதல் வேண்டும் என்னும் பாடத்தை அவ்வூர் மாணவர் அதிலிருந்தும் பெறலாம். கடைக்குச் செல்லுமுன், நாம் நாளும் செல்லும் பாதையில் தார் எவ்வளவு, சரளை எவ்வளவு, சேறு எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். பிறகு, டயரைக் கேட்டு வாங்குவோம்.