மழை அழுத்தும் பொத்தான்

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் 'பொருட்களின் இணையம்' என்றொரு பகுதி உண்டு. அதற்காக ஆர்டுயினோ ஊனோ என்ற உள்ளங்கை அளவான பலகையை எங்கள் ஆய்வுகூடத்தில் பயன்படுத்துகிறோம். மின்னியல் படிக்காதவர்களும் எளிதாகக் கையாளவேண்டும் என்ற எண்ணத்தில் 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கப்பட்டது ஆர்டுயினோ திட்டம். பலகையின் மேல் உள்ள கறுப்புச் சில்லுதான் நுண்கட்டுப்படுத்தி. அதனுடன் ஒரு பொத்தான், ஒரு சிறு திரை, ஒரு ஒலிப்பான் ஆகியவற்றை இணைத்து, பொத்தானை அழுத்தியதும் திரையில் எழுத்தும் ஒலிப்பானில் சத்தமும் வரச் செய்வதே எல்லோரும் செய்யும் முதற் பயிற்சி. பார்க்கும் பெற்றோருக்கு இது விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும். இதே மூன்றையும் கொண்டு நம் மலைத் தோட்டங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2016 மே 17ஆம் திகதியை கேகாலை மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். நாட்கணக்கில் பெய்த மழைக்குப் பின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடியது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்திலும் லயன் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தின் முறை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆகவே "மழை பெய்கிறது" என்பது அங்கே ஒரு செய்தியே இல்லை. எவ்வளவு பெய்திருக்கிறது என்பதுதான் செய்தி.

அந்த 'எவ்வளவு' என்பதற்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அளவுகள் வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழிப்பு. 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயார். 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். வானொலியில் முதலாம், இரண்டாம், மூன்றாம் கட்ட எச்சரிக்கை என்று கேட்கிறோமே, அவை இவைதாம். மூன்று எண்கள், ஒரு கூட்டல் கணக்கு. நுண்கட்டுப்படுத்தி செய்வதற்கென்றே அமைந்த வேலை இது.

முதலில் பொத்தான். மழைமானியில் 'கவிழ்வாளி' என்ற ஒரு வகை உண்டு. புனலுக்குக் கீழே ஊஞ்சற்பலகை போல இரு சிறு வாளிகள் இருக்கும். ஒன்று நிறைந்ததும் கவிழும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்விலும் அதிலுள்ள காந்தம் ஒரு சிறிய ஆளியைக் கடந்து போகும். ஆளி ஒரு கணம் மூடித் திறக்கும். பல மானிகளில் ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். நுண்கட்டுப்படுத்தியின் பார்வையில் இது விரலுக்குப் பதிலாக மழை அழுத்தும் பொத்தான். அவ்வளவுதான் வித்தியாசம். 375 தடவை அழுத்தினால் 75 மில்லிமீற்றர், 500 தடவை என்றால் 100, 750 என்றால் 150.

பொத்தானை இணைக்கும்போது தெரிந்திருக்கவேண்டிய ஒன்று: எதனுடனும் சேராமல் விடப்பட்ட முனை 0 என்றும் 1 என்றும் மனம்போன போக்கில் வாசிக்கும். கொக்கி போடாத கதவு காற்றில் ஆடுவதைப் போல. அதனால் சில்லுக்குள்ளேயே இருக்கும் தடையியை 'இன்புட் புல்லப்' என்ற கட்டளையால் இயக்கி, முனையை 1இல் நிறுத்திவைக்கிறோம். அழுத்தும்போது அது 0 ஆகும். அழுத்தினால் 0, விட்டால் 1 என்பது முதலில் தலைகீழாகத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும்.

அடுத்தது துள்ளல். உலோகத் தகடுகள் இரண்டு முட்டும்போது ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து போல சில மில்லிசெக்கன்கள் துள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செக்கனுக்கு 160 இலட்சம் துடிப்பில் ஓடும் சில்லு ஒவ்வொரு துள்ளலையும் தனித்தனி அழுத்தமாக எண்ணும். விளையாட்டில் இது பெரிய விடயம் இல்லை. மழைமானியில் ஒரு கவிழ்வு இரண்டாக எண்ணப்பட்டால், 40 மில்லிமீற்றர் மழை 80 ஆகக் காட்டி நள்ளிரவில் ஊரை எழுப்பிவிடும். மூன்று தடவை வீணாக எழுப்பப்பட்டவர் நான்காம் தடவை எழும்பமாட்டார். எனக்கு இதுதான் இந்தக் கருவியின் மிகப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

தீர்வு எளிது. ஒரு கவிழ்வைப் பதிந்தபின் சிறிது நேரம் காதைப் பொத்திக்கொள் என்று செய்நிரலில் எழுதுகிறோம். எவ்வளவு நேரம்? மணிக்கு 75 மில்லிமீற்றர் என்ற பேய்மழையிலும் சராசரியாக ஏறத்தாழ 9.6 செக்கனுக்கு ஒருமுறைதான் வாளி கவிழும். ஆகவே 200 மில்லிசெக்கன் பொத்திக்கொண்டாலும் எந்த மழையும் தப்பாது. கை அழுத்தும் பொத்தான்களுக்கு 50 மில்லிசெக்கன் போதும். எண்ணிக்கை சரியா என்று பார்க்க மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. புனலின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்றிமீற்றர் என்றால் ஒரு கவிழ்வுக்கு 4 மில்லிலீற்றர் நீர். ஒரு லீற்றரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் 250 கவிழ்வு, அதாவது 50 மில்லிமீற்றர் காட்டவேண்டும்.

'டிலே' என்ற கட்டளையையும் இங்கே சொல்லவேண்டும். ஒலிப்பானை ஒரு செக்கன் அலறவிட்டு ஒரு செக்கன் நிறுத்தப் பாடநூல்களில் இதையே பயன்படுத்துவார்கள். 'டிலே' ஓடும் நேரத்தில் செய்நிரல் தூங்குகிறது. அப்போது வாளி கவிழ்ந்தால் அதற்குத் தெரியாது. சத்தம் போட்டுக்கொண்டே மழையை எண்ணத் தவறும் காவற்காரனால் என்ன பயன்? அதனால் 'மில்லிஸ்' என்ற உள்மணிக்கூட்டை அடிக்கடி பார்த்து, "நேரமாகிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே மற்ற வேலைகளைச் செய்யும் முறையில் எழுதவேண்டும். மழைமானியை ஊனோவின் 2ஆம் முனையில் இணைத்தால் இன்னும் நல்லது. என்ன வேலை நடந்தாலும் இடைமறித்துச் சொல்லும் வசதி அந்த முனைக்கும் 3ஆம் முனைக்கும் உண்டு.

24 மணித்தியால மழையைக் கணக்கிட 24 பெட்டிகள் வைக்கிறோம். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெட்டி. புதிய மணி தொடங்கும்போது மிகப் பழைய பெட்டியைக் காலியாக்கி அதிலே எழுதுகிறோம். எல்லாவற்றின் கூட்டுத்தொகைதான் விடை. மின்சாரம் போனால் இவை அழியாமலிருக்க சில்லின் நிலைநினைவகத்திலும் எழுதிவைக்கலாம். அதனுடன் தனி மின்கலமுள்ள மணிக்கூட்டுச் சில்லு ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று கருவிக்குத் தெரியாது. கைத்தொலைபேசிக்கான பவர் பேங்கை நம்பவேண்டாம். அவற்றில் பல, சிறிய மின்னோட்டத்தைக் கண்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தாமாகவே நின்றுவிடும்.

இனித் திரை. கடைகளில் மலிவாகக் கிடைப்பது இரண்டு வரியில் 16 எழுத்துக் காட்டும் எல்சீடி திரை. அதற்குள் ஆங்கில எழுத்துகள் உண்டு, பலவற்றில் ஜப்பானிய எழுத்துகள்கூட உண்டு. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. நாமே வரைந்துகொள்ள 8 கட்டங்கள் மட்டும் தருகிறது. ஒவ்வொன்றும் அகலத்தில் 5 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. நம் 247 எழுத்துகளை 8 கட்டத்துக்குள் எப்படி அடக்குவது?

வார்த்தையைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் முடியும். 'மழை அதிகம்' என்பதற்கு ம, ழ, ஐகாரக் கொம்பு, அ, தி, க, ம் என்று 7 கட்டம் போதும். 'வெளியேறுங்கள்' என்று எழுத 9 வேண்டும்; இடமில்லை. 'வெளியேறு' என்றால் 6தான், ஆனால் வீட்டிலுள்ள மூத்தவர்களைப் பார்த்து அப்படி அதட்டலாமா? 'வெளியேறவும்' என்பதற்கு எண்ணிப் பார்த்தால் சரியாக 8! எங்கள் மேசையில் அன்று பெரிய சந்தோசம். ஆனால் 5 புள்ளி அகலத்தில் 'ளி'யும் 'வு'ம் என்ன எழுத்து என்று எழுதியவருக்கு மட்டுமே விளங்கின. கண்ணாடி போட்ட ஒருவர் நள்ளிரவில் அதை எப்படி வாசிப்பார்?

ஆகவே 128க்கு 64 புள்ளிகள் கொண்ட ஓஎல்ஈடி திரைதான் சரி என்பது என் முடிவு. இதற்கு எழுத்தே தெரியாது, புள்ளி மட்டுமே தெரியும். அதுவே நமக்கு வசதி. கணினியில் 'விழிப்பாயிருங்கள்', 'தயாராகுங்கள்', 'வெளியேறுங்கள்' என்று பெரிதாக எழுதி, படமாக மாற்றி, புள்ளிகளாகக் கொடுத்துவிடலாம். 128க்கு 32 அளவான ஒரு சொற்படம் 512 பைற்று பிடிக்கும். தமிழில் மூன்று, சிங்களத்தில் மூன்று, மொத்தம் 3072 பைற்று. ஊனோவின் தற்காலிக நினைவகம் 2048 பைற்றுத்தான், அங்கே வைக்கமுடியாது. செய்நிரல் தங்கும் 32 கிலோபைற்று நினைவகத்தில் வைக்கச் சொல்லி ஒரு சொல் சேர்த்தால் இடம் தாராளம். தோட்டத்தில் தமிழ், பக்கத்துக் கிராமத்தில் சிங்களம் என்று வாழும் நம் மலைகளுக்கு இரண்டு மொழியும் மாறி மாறி வருவதே முறை.

கருவியின் முகப்பில் மூன்று கைப்பொத்தான்கள் போதும். ஒன்று கடந்த மணித்தியாலங்களின் மழையைக் காட்ட, ஒன்று தினமும் சோதித்துப் பார்க்க, ஒன்று சத்தத்தை நிறுத்த. நிறுத்தும் பொத்தான் சத்தத்தை மட்டுமே நிறுத்தவேண்டும். திரையில் எச்சரிக்கை அப்படியே நிற்கட்டும். அடுத்த கட்டத்தை மழை எட்டியதும் மறுபடி ஒலிக்கட்டும். எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும் பொத்தானை வெளியே வைக்கவே கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது ஒரு நாளும் தப்பாது.

இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக்கு மாற்றில்லை. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்றுநீர் இவற்றை எந்தச் செய்நிரலும் பார்க்காது. அப்படி ஏதேனும் கண்டால் மழையின் அளவு என்னவென்று பார்த்துக்கொண்டிராமல் விலகிப்போய், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கவேண்டும்.

இன்னும் முடியாமல் இருப்பது சத்தத்தின் விடயம். மேசையில் காதைத் துளைக்கும் சின்ன ஒலிப்பான், தகரக் கூரையில் கனமழை விழும்போது கேட்கவே கேட்காது. இவ்வகை ஒலிப்பான்கள் செக்கனுக்கு 2000 முதல் 4000 அதிர்வுவரையான கீச்சுக்குரலில்தான் உரத்து ஒலிக்கும். வயதானவர்களின் காதில் முதலில் மங்குவதும் அந்தக் கீச்சுக்குரல்கள்தாம். ஊனோவின் முனை ஒன்றிலிருந்து 20 மில்லிஅம்பியருக்கு மேல் எடுப்பதும் நல்லதல்ல. எனவே ஒரு திரான்சிற்றரும் றிலேயும் வைத்து, 12 வோல்ற்று மின்கலத்தில் ஓடும் சைரன் ஒன்றை இயக்கவேண்டும். முதலிரு கட்டங்களுக்கு வீட்டுக்குள் ஒலிப்பான், மூன்றாம் கட்டத்துக்கு வெளியே சைரன் என்று பிரித்து எழுதியிருக்கிறோம். அடுத்த தவணையில் ஆய்வுகூடத்துக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில், நல்ல மழை நாளொன்றில் அதைப் பரீட்சித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.