3 புலிக்கு 15 ஆடு! பலம் குறைந்தவனுக்கும் ஆட்டத்தில் பங்கு உண்டா?

சென்னை.
ஒரு பக்கம் 3 புலி. மறுபக்கம் 15 ஆடு. புலி தாண்டினால் ஆடு காலி. ஆட்டால் புலியை வெட்டவே முடியாது. இப்படி ஒரு ஆட்டத்தில் ஆடு பக்கம் யார் உட்காருவார்?

உட்காருகிறார்கள்! நம் ஊர் ஆடு புலி ஆட்டம்தான் அது. கோயில் மண்டபத் தரைகளில் கூட இதன் கோடுகளைப் பார்க்கலாம். கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் இருந்தால் போதும்.

ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. வழியை மறிக்கத் தெரியும். நகர இடமில்லாமல் 3 புலியும் மாட்டிக்கொண்டால் ஜெயிப்பது ஆடுதான்.

கமிஷனரும் பூக்காரம்மாவும்

இதே சிக்கல் அமெரிக்காவிலும் வந்தது. 1974-ல் அங்கே வெளியான ஆட்டம் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி. இன்னொருவர் கதையை நடத்துவார். போகப் போக மந்திரவாதிக்குப் பலம் ஏறிவிடும். வீரனாக ஆடுபவர் கொட்டாவி விடுவார். அடுத்த வாரம் ஆளையே காணோம்!

1987-ல் வந்த 'ஆர்ஸ் மேஜிகா' இதற்கு ஒரு வழி சொன்னது. மந்திரவாதிக்குத்தான் பலம் அதிகம் என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வேஷத்தை ஆளுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஆடலாம்.

மாற்றாமலும் நடத்தலாம். மயிலாப்பூரில் நகை திருட்டு என்று ஒரு கதை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு போலீஸ் கமிஷனர் வேஷம். இன்னொருவருக்கு மாட வீதி பூக்காரம்மா வேஷம். அவருக்கு ஜீப், ஆள்படை எல்லாம் உண்டு. இவருக்குக் கூடை மட்டும்தான்.

கமிஷனர் விசாரித்தால் வீதியே வாயை மூடிக்கொள்ளும். பூக்காரம்மா பூ அளந்துகொண்டே கேட்டால் துப்பு வரும். பூட்டிய வீட்டைச் சோதனை போட கமிஷனர்தான் வரவேண்டும். ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடியாது. கதையை நடத்துபவர் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஒப்புக்குச் சப்பாணி

தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும்போது பொடியனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். அவன் பிடிபட்டாலும் அவுட் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கே புரிந்துவிடும், தன்னை யாரும் கணக்கில் வைக்கவில்லை என்று. முகம் சுண்டி வீட்டுக்குப் போய்விடுவான். பாவம் பார்ப்பது வேறு, பங்கு கொடுப்பது வேறு.

லீவு நாளில் வீட்டில் கோடு போட்டுப் பாருங்கள். பொடியன் கையில் 3 புலியைக் கொடுங்கள். நீங்கள் 15 ஆட்டை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறுங்கள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள். அது அவனுக்குத் தெரிந்துவிடும்!