டிரம்ஸ் இல்லாத மேடை... தாளம் காக்கும் பழைய 'பாஸ்'!

ப்ளூகிராஸ் கச்சேரி வீடியோ ஒன்றை யூடியூபில் ஓடவிட்டுப் பாருங்கள். பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிடார் என எல்லாம் பறக்கும். ஆனால், டிரம்ஸைக் காணோமே! பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கிறதே, வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம்... அப்ரைட் பாஸ். தாளப் பொறுப்பில் பெரும்பங்கு அதற்குத்தான்.

அமெரிக்காவின் கென்டக்கிக்காரர் பில் மன்றோ. 1939-ல் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்த அவருடைய 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' குழுவின் பெயர்தான் இந்த இசைக்கே பெயரானது. நான்கு எண்ணிக்கையில் 1, 3-ல் பாஸ் 'தம்' என்று விழும். 2, 4-ல் மாண்டலின் 'சக்' என்று வெட்டும். அந்த 'தம்' தள்ளாடினால் மொத்தக் குழுவும் தள்ளாடும்.

இந்த 'தம்'முக்காகத்தான் பழைய பாஸ்களைத் தேடுகிறார்கள். குறிப்பாக, சிகாகோவின் 'கே' நிறுவனம் 1930-களின் இறுதியிலிருந்து 1960-கள் வரை செய்தவை. இவற்றின் உடல் வெறும் ப்ளைவுட்! சிம்பொனி கலைஞர்கள் செதுக்கிய மரத்தையே விரும்புவார்கள். ப்ளூகிராஸுக்கோ ஒலி நீண்டு ரீங்கரிக்கக் கூடாது. விழுந்ததும் அடங்க வேண்டும். அதற்கு ப்ளைவுட் தோது. எளிதில் விரிசலும் விடாது. ஊர் ஊராக வண்டியில் ஏற்றி இறக்கும் குழுவுக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் தட்டிப் பாருங்கள்

தாத்தா வாசித்த பாஸ் பரணில் கிடைத்தால், உடனே புதுத் தந்தி மாட்டத்தான் கை பரபரக்கும். அங்கேதான் ஆபத்து. கழுத்து உடலோடு சேரும் இடம் பழைய பாஸ்களில் பலவீனமாகியிருக்கலாம். அதில் இழுவிசை அதிகமான ஸ்டீல் தந்தியை முறுக்கினால், கழுத்தே பெயர்ந்து வந்துவிடும்.

அதனால் முதலில் ஓரங்களை விரல் முட்டியால் தட்ட வேண்டும். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் மாறும். வாசிக்கும்போது வருகிற 'கரகர'வுக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

அடுத்தது, உள்ளே நிற்கும் சின்ன மரக் குச்சி. சவுண்ட் போஸ்ட் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'ஆன்மா' என்றே அழைக்கிறார்கள். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, பசையே இல்லாமல், அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒலி மாறும். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குச்சி விழுந்துவிடலாம். ஒவ்வொன்றாக மாற்றுவதே நல்லது. விழுந்துவிட்டால் அதை நிறுத்தத் தனிக் கருவி வேண்டும். பழுது பார்ப்பவரிடம் போவதுதான் உத்தமம். அதுவரை மற்ற தந்திகளை முறுக்காதீர்கள்.

குடலா, ஸ்டீலா?

அந்தக் காலத்து 'தம்' வேண்டும் என்பவர்கள் விலங்குக் குடலில் செய்த தந்தியை விரும்புகிறார்கள். ஒலி கதகதப்பாக இருக்கும். ஆனால், ஈரப்பதம் மாறினால் சுருதியும் நழுவும். ஸ்டீல் நிலையாக நிற்கும். ஒலி தெளிவு, நீளமும் அதிகம். இரண்டுக்கும் நடுவே செயற்கை இழைத் தந்திகள் இருக்கின்றன. பழைய பாஸுக்கு இழுவிசை குறைந்த வகையே பாதுகாப்பு என்பது என் கட்சி.

தந்தியின் உயரமும் முக்கியம். உயர்த்தினால் சத்தம் கூடும், விரல் நோகும். தாழ்த்தினால் விரலுக்குச் சுகம், ஆனால் தந்தி பலகையில் உரசும். பிரிட்ஜின் கால்களில் திருகு பொருத்திக்கொண்டால், பருவத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கலாம்.

மேடையில் இன்னொரு தலைவலி, மைக். ஒலிபெருக்கிச் சத்தம் பாஸின் உடலுக்குள் புகுந்து 'ஊங்ங்' என்று ஊளையிடும். சிலர் சின்ன மைக்கை ஸ்பான்ஜில் சுற்றி, பிரிட்ஜுக்குக் கீழே செருகிவிடுகிறார்கள். பார்க்க அழகில்லை. கேட்க நன்றாகவே இருக்கிறது!