கணனிக்கு ஒரு துவிபாஷி

விண்டோசுக்கென இயற்றப்பெற்ற சித்திர மென்பொருள் லினக்ஸ் கணனியில் இயங்குமோ என மாணாக்கர் வினவுவர். இரண்டும் வெவ்வேறு மொழி பேசுவன; ஆதலின் இடையே ஒரு துவிபாஷி வேண்டும். 1993இல் தொடங்கப்பெற்ற 'வைன்' என்பதே அத்துவிபாஷி.

'இக்கோப்பைத் திற, இக்கோட்டை வரை' என மென்பொருள் விண்டோஸ் வழக்கிற் கேட்கும். வைன் அதனை அக்கணமே லினக்ஸ் வழக்கிற் பெயர்த்துரைக்கும். பிறிதொரு கணனிபோல் நடிப்பது அதன் தொழிலன்று. 'வைன் போன்மி அன்று' என்பதே அப்பெயரின் விரிவு.

மொழிபெயர்ப்பில் உழன்றோர் இதன் அருமையை அறிவர். விண்டோசின் மூலநிரல் வெளியிடப்படாமையின், அதன் நடையை நுணுகி நோக்கியே வைனை எழுதினர். 1.0 பதிப்பு வெளிவர 15 ஆண்டுகள் சென்றன. 2008இல் வெளிவந்த அப்பதிப்பு, போட்டோசொப் சி.எஸ்.2 இயங்க வேண்டுமென்பதையும் தன் இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. ஆயினும் பின்வந்த பதிப்புகள் பல, நிறுவும்போதே இடறுவதுண்டு. துவிபாஷி அறியாத சொல் வந்தால் உரையாடல் நின்றுவிடுமன்றோ?

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. சித்திரம் நமதாயினும், அதனைத் திறக்குந் திறவுகோல் பிறர் கையில் இருத்தல் நன்றோ? ஆதலின், மாணவர்காள்! வரைந்தவற்றின் படியொன்றை எஸ்.வி.ஜி. போன்ற பொதுவடிவிலும் சேமித்து வைமின். புதிதாகக் கற்போர் லினக்சிலேயே இயங்கும் இங்க்ஸ்கேப், கிம்ப் என்பவற்றிற் பயிலலாம். தாய்மொழியிற் பேசுவார்க்குத் துவிபாஷி வேண்டுவதில்லை.