முதுகில் சுமந்த பக்தி



போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் நம்மில் பலருக்கு முதுவர் இன மக்களைத் தெரியும். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியிலும் இடுக்கி மலைகளிலும் அவர்கள் வாழ்கிறார்கள்.

மதுரையிலிருந்து மீனாட்சி அம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறியதால் 'முதுவர்' எனப் பெயர் வந்தது என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. அவர்கள் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு. அதற்குத் தனி எழுத்து இல்லை. கதையும் வழிபாட்டு முறையும் தாத்தா பாட்டியின் வாய்மொழியாகவே பேரப்பிள்ளைகளைச் சேர்கின்றன. அந்தப் பேச்சைக் கேட்டு நாம் சிரித்தால், பிள்ளைகள் அதைப் பேசவே கூசுவார்கள். பேச்சு நின்றால், அந்த மக்களின் மன்றாட்டும் மௌனமாகிவிடும்.

பிற சமயங்களில் உள்ள உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. இது நம் விசுவாசத்தைக் குறைப்பதல்ல. அயலாரை மதிக்கக் கற்றுத் தருவது. பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. அவரவர் தாய்மொழியிலேயே கேட்கச் செய்தார்.

மலைப்பாதையில் அடுத்த முறை ஒரு முதுவப் பெரியவரைச் சந்திக்கும்போது, கேலி பேசாமல் அவருக்குச் செவிகொடுப்போமா?